ஸனாவுக்கு இரத்தம் ஏற்றிய செவ்வாய்க்கிழமை

கட்டுகஸ்தோட்டை
வியாழக்கிழமை

அன்பு மகன் ஹபீலுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். செவ்வாய் பின்னேரம் நீ கோல் எடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் அழுது போனை வைத்துவிட்டேன். தங்கச்சி ஸனா நல்லாயிருக்கிறாள் என்று வாப்பா சொல்லியும் நீ நம்பவில்லையாம். பேசினால் மறுபடி அழுகை வரும், அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு ஸனாவின் கடைசிப் பரீட்சை, அன்றைக்கேதான் இரத்தம் ஏற்றும் நாளும். தள்ளிப்போட்டால் படியேறவே மூச்சு வாங்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு பைக்கு நாலு மணித்தியாலம், இரண்டு பை முடிய இருட்டிவிடும். இதயம் நல்லாயிருக்கும் தலசீமியாப் பிள்ளைகளுக்கு இப்போது ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு பை ஏற்றலாம், முதலில் ஸ்கேன் செய்து பார்ப்போம் என்றார் டாக்டர். ஸ்கேன் நல்லபடி வந்தும் நான் வேண்டாம் என்றேன், இதயம் தாங்காவிட்டால் என்ன செய்வது மகன்? அவள் என் கையைப் பிடித்து, “உம்மா, பதினெட்டு வருஷமா அந்தக் கட்டில்ல படுத்துக் கூரையப் பார்த்தது போதும், எனக்குப் போகணும்” என்றாள். அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது பையில் திடீரென்று இருமினாள். நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் மிஸ் ஓடிவந்து நிறுத்தி, நாடியும் மூச்சும் பார்த்து, தொண்டை காய்ந்ததுதான் என்று தண்ணீர் கொடுத்தார், கொஞ்சம் பொறுத்துத் திரும்பத் தொடங்கினார். பன்னிரண்டுக்கு முன்னமே முடிந்தது. த்ரீவீலரில் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். வீட்டுக்கு வந்தேன், வாப்பா கடையில். ஏற்றும் நாளில் ஒரு பகல் இந்த வீட்டில் நான் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் உன் குரல் கேட்டது, அழுகை வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

பரீட்சை நல்லாச் செய்தாளாம். நீயும் உன் இரத்தத்தைச் சோதித்துப் பார் மகன், இந்த நோய் வெளியே தெரியாமல் உன்னிலும் இருக்கலாம், கலியாணம் பேசமுன் தெரிந்திருக்க வேண்டும், அதில் வெட்கமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் ஆயுளிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. பெருநாளைக்காவது லீவு கேள். போன பெருநாளில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் அந்தச் சஹன் தட்டில் மூவர்தான் உட்கார்ந்தோம், உன் பக்கத்துச் சோற்றில் யாருமே கைவைக்கவில்லை.

உன் வரவை எண்ணியிருக்கும்
உம்மா கைரியா