ஒருவழி இண்டர்காம்

அன்பு மகளுக்கு, பெறாமலே உன்னை வளர்த்து ஆளாக்கிய பெருமையை எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் என் தொப்பையும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், எட்டு மாதம்கூடப் பொறுக்காமல் அவசரமாகக் கிளம்பி வந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் நம் மகாராணியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், நல்லா இருந்த நாள்ல சாமியை நினைச்சே பாக்கல சித்தப்பா, இப்பப் போய் நின்னா காரியத்துக்கு மட்டும் வர்றியான்னு கேக்க மாட்டாரா, எவ்வளவு கூப்பிட்டாலும் பதிலே இல்ல என்று அழுதாய். மூவுலகையும் வாயாலேயே வென்ற நான் அன்று போனைச் சித்தி கையில் திணித்துவிட்டு நழுவிவிட்டேன். முதல் பாதிக்குப் பதில் எனக்கு எப்போதோ தெரியும். நான் ஏழு மாடிகளுக்கும் இரண்டு லிஃப்டுகளுக்கும் சக்கரவர்த்தியாக இருக்கும் கட்டடத்தில், ஐந்தாம் மாடி அம்மாள் பதினோரு வருஷமாக என்னைப் பார்த்துத் தலைகூட ஆட்டியதில்லை, உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் நான் அவருக்கு மெக்கானிக் தம்பி. அதற்காக, நல்லா ஓடினப்ப என்னை நினைச்சீங்களாம்மா என்று கேட்டுவிட்டா கதவைத் திறக்கிறேன்? லிஃப்ட் ஒழுங்காக ஓடிய நாளிலும் மேலே மோட்டார் அறையில் கிரீஸும் கையுமாக இருந்தவன் நான்தானே. சிடுமூஞ்சியான எனக்கே இவ்வளவு பெருந்தன்மை என்றால் சாமிக்கு இருக்காதா.

இரண்டாவது பாதிக்குப் பதில் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய், கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்வேன் என்ற திமிரில் லிஃப்டுக்குள்ளிருந்து வாசல் மேஜையோடு பேசும் இண்டர்காமுக்குப் புது ஒயர் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க ஏறினேன், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் சக்கரவர்த்தி சிறைப்பட்டார். போன் கீழே கருவிப் பையில். கூரைத் திறப்பு வழியாக ஏறலாம் என்றால் தொப்பை ஒத்துக்கொள்ளவில்லை. இண்டர்காமில் கூப்பிட்டேன், கத்தினேன், இமயமே இரண்டடி நகரும்படி கர்ஜித்தேன். ஒரு முனகல்கூடத் திரும்பி வரவில்லை. பத்து நிமிஷம் போனதும் வீரம் வடிந்துவிட்டது, பொத்தானை அழுத்திய விரலை எடுக்க மறந்து கடவுளிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். சித்தியின் ரோஜாச் செடிக்கு வெந்நீரை ஊற்றிவிட்டு வெயில் மேல் பழி போட்டதை ஒப்புக்கொண்டேன். உன் அப்பா படுத்துக் கிடந்தபோது வேண்டியும் அண்ணனைப் பறிகொடுத்ததைச் சொல்லிச் சண்டை போட்டேன். அந்தப் பிஞ்சை விட்டுடு, வேணும்னா என்னை எடுத்துக்கோ, இருக்கியா இல்லியா, ஒரு வார்த்தை சொல்லேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

நாற்பது நிமிஷம் கழித்துப் பக்கத்துக் கட்டடத்து மெக்கானிக் வந்து இறக்கிவிட்டான். கீழே பார்த்தால் வாசல் மேஜையில் இண்டர்காம் ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு உன் சித்தி, கையில் என் மூக்குக்கண்ணாடி. கொடுக்க வந்தவளாம். குரல் கம்மிப் போய், இருக்கேன் இருக்கேன்னு அப்பத்துலேருந்து கத்துறேன், காதுல விழலையா உங்களுக்கு என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இண்டர்காம் பெட்டியைத் திறந்தேன். உள்ளிருந்து வெளியே போகும் ஒயர் சரியாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியதைத்தான் மகாமேதை வேறெங்கோ சொருகி வைத்திருந்தேன். நான் சொன்னது ஒன்று விடாமல் அவளுக்குப் போயிருக்கிறது, அவள் சொன்னதுதான் எனக்கு வரவில்லை.

மகளே, குழந்தைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை, அது டாக்டர்கள் சொல்ல வேண்டியது, அதற்கும் மேலே ஒருத்தர் சொல்ல வேண்டியது. உன் அப்பா விஷயத்தில் நான் கேட்டது கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நீ தினமும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அம்மா இங்கதான்டி இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயாமே, மாப்பிள்ளை சொன்னார். உள்ளே இருப்பவளுக்கு அது கேட்காது. ஊசி குத்தும்போது யாருமே இல்லை என்றுதான் அவள் அழுவாள். அதனால் நீ அங்கே இல்லை என்று ஆகிவிடுமா?

நேரத்துக்குச் சாப்பிடு, நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். மகாராணி எத்தனை கிராம் ஏறினாள் என்று தினமும் தகவல் வர வேண்டும், இது அரச கட்டளை. நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ரோஜாச் செடி வழக்கில் எனக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. தொண்டை கட்டியிருப்பதால் உன் சித்தி பேசுவதில்லை, உனக்கு என்ன எழுத என்று கேட்டேன், பேனாவைப் பிடுங்கி அவளே எழுதுகிறாள்:

இருக்கேன்.

இப்படிக்கு,
அவளுக்குக் கீழே கையெழுத்துப் போட மட்டும் அனுமதிக்கப்பட்ட
உன் சித்தப்பா