கோடு தெரியாத குப்பி

கார்த்திகை 8, திங்கள்
இரவு மழை. காலையில் பனி. ஆனையூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவதற்குள் மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைக்க வேண்டியதாயிற்று.

ரஷீதின் சின்ன விமானம் மூன்று வாரமாகக் கொட்டகையில். பராமரிப்பு என் பொறுப்பு. டேங்கில் பாதிதான் பெட்ரோல், மீதி காற்று. இரவுக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். சொன்னேனா? மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை அவர் அம்மாவை ஏற்றிப் பறக்கிறாராம். வெள்ளியன்று அம்மா மலேசியாவுக்கு, மகள் வீட்டோடு இருக்க.

"திரும்ப எப்ப வருவாகளோ, அண்ணே. மதுரைய ஒருக்கா மேல இருந்து காட்டிரணும்."

"அதுக்கு முன்னாடி டேங்க நிரப்பிட்டா நல்லதுன்னு நினைக்கிறேன்."

"ஒங்களுக்கு எல்லாமே நினைப்புத்தேன்!"

வாங்க: வெள்ளைத் துணி, கண் சொட்டு மருந்து.

செவ்வாய்
கண் டாக்டர். ஆபரேஷன் புண் ஆறிவிட்டதாம். நிறங்கள்தான் இன்னும் பழகவில்லை.
டேங்க் நிரப்பவில்லை. ரஷீத் கடையில் கூட்டமாம்.

புதன்
நல்ல வெயில். நாகமலைப் பக்கம் மட்டும் மேகம். அம்மா புதுச் சேலையில், கையில் பேரீச்சம்பழ டப்பா.

ரஷீத் டேங்க் அடி வால்வைத் திறந்து குப்பியில் பிடித்தார். தண்ணீர் இருந்தால் பெட்ரோலுக்குக் கீழே தங்கும், நடுவில் கோடு தெரியும்.

"பளிங்கு மாதிரி இருக்கு, பாருங்கண்ணே. கோடே இல்ல."

கோடு இல்லைதான். ஆனால் நீலமும் இல்லை. விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டே. என் கண்தான் கோளாறா? பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்தேன். நீலம் இல்லை. முகர்ந்தேன். நெடியும் இல்லை. கேனிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினேன். நீலமாக மேலே நின்றது. கீழே அத்தனையும் தண்ணீர்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"இத வடிச்சிட்டுப் போயிரலாம்ல?"

"உள்ள எம்புட்டு இருக்குன்னு தெரியாது. மேல போய் இஞ்சின் நிக்கும். வேண்டாம்."

அம்மா குப்பியை எட்டிப் பார்த்தார். "ஏண்டா ரஷீது, என்னைய மலேசியாவுக்கு அனுப்புறியா, ஒங்கத்தாகிட்ட அனுப்புறியா?" (அவர் அப்பா காலமாகி நாளாயிற்று.) முதலில் சிரித்தது ரஷீத்தான். பிறகு சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

மாலை, இரண்டு பேருமாக டேங்கை முழுக்க வடித்தோம். புதுப் பெட்ரோல், கழுத்து வரை.

வியாழன்
காலை முதல் வேலை குப்பி. நீலம். நெடி. இன்னொரு தடவை. நீலம்.

அம்மா படியில் ஒரு காலை வைத்தவர் நின்றார். மகனைக் கேட்கவில்லை. "தம்பி, நீங்க சொல்லுங்க. ஏறலாமா?"

"ஏறுங்கம்மா."

நினைக்கிறேன் என்று சேர்க்கவில்லை. செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார்.