அத்தையிடம் நான் மாற்றிச் சொன்னது

இன்று காலை உங்கள் மெத்தையை வெயிலில் போட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் தைல வாடை போகவில்லை. இந்த ஸ்கூடாய் ஊர் வெயிலுக்கே அடங்காத வாடை. கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி உங்களைத் திட்டினேன். நீங்களாவது அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம்.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து, முதல் கீமோவுக்கு முன் டாக்டரைப் பார்க்கப் போனோம். பாலோ ஊரிலிருந்து உங்கள் அம்மாவும் வந்து நமக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் மலாயில் ஆரம்பித்தார். அத்தைக்கு மலாய் புரிகிறது என்று கண்டதும், அவர் முன் நமக்குக் கூச்சம் வேண்டாம் என்று ஆங்கிலத்துக்கு மாறினார். நல்ல மனுஷி. மருந்து விந்தணுவைப் பாதிக்கலாம், குழந்தை வேண்டுமென்றால் இப்போதே எடுத்துச் சேமித்து வைக்கலாம் என்றார். உடம்பு ஒத்துழைக்கும் நாள்களில் ஆணுறையோடு சேர்ந்திருக்கலாம், இது தொட்டால் ஒட்டும் நோயில்லை என்றார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று அத்தை என் கையைப் பிடித்தார்.

டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்வது எப்போதும் நான்தான். ஆனால் இதை மாமியாரிடம் எந்த வாயால் சொல்வது? முகம் சுட்டது.

"நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம் அத்தே. உடம்ப அலட்டிக்கக் கூடாதாம்."

"அப்பன்னா ஹால்ல தனியா படுக்கட்டும்லா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள், பிறகு தரையைப் பார்த்தீர்கள். "நோ, டாக்டர்." வெளியே வந்ததும் "அப்பறம் பேசிக்கலாம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். எதையும் சேமித்து வைக்காமலே மறுவாரம் மருந்து ஏறிவிட்டது.

அத்தை கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டீர்கள். "இங்க வா, கொஞ்ச நேரம் பக்கத்துல படு. டாக்டர்தான் ஓக்கே சொன்னாங்களே." படுத்தேன். காது முழுக்க வாசல் கேட்டிலேயே இருந்தது. உங்கள் கை இடுப்பில் பட்டதும் "அத்தை வந்துடுவாங்க" என்று எழுந்துவிட்டேன்.

"முடியெல்லாம் போச்சின்னு அசிங்கமா இருக்கா?"

இல்லை என்றேன். நீங்கள் நம்பவில்லை. அதன்பிறகு கூப்பிடவே இல்லை. அசிங்கமில்லைங்க, வெட்கம். வெறும் வெட்கம். அதை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

அத்தை என்னோடுதான் இருக்கிறார். நேற்று மத்தியானம் சோறு போடும்போது அழுதார். "ஒரு புள்ளையாச்சும் இருந்திருந்தா உனக்குத் துணையா இருந்திருக்கும். நீ என்னம்மா செய்வ? டாக்டர் சொன்னத ஒன்னு விடாம எங்கிட்ட சொன்ன, ஒன்னு விடாம செஞ்ச."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். அவர் மீன் குழம்பில் துழாவி நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு மட்டுமே வைத்த துண்டு.

தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.