நீ வேண்டுமென்றே விட்ட வளவனூர் பஸ்

தேன்மொழி கண்ணு, நேற்றிலிருந்து உன் படத்துக்கு நேராக நிற்கவே கூச்சமாக இருக்கிறது. விளக்கை ஏற்றிவிட்டு, கும்பிட்டதுபோலப் பாவனை செய்துவிட்டு, சமையலறைக்கு நழுவிவிடுகிறேன். அங்காளம்மனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்த ஆராய்ச்சிப் பெண் நேற்று வந்திருந்தாள். மொழிப்பாடம் நடத்தும் டீச்சர்கள் மனசளவில் எப்படி இருக்கிறார்கள் என்று செல்போன் வழியாகவே கேட்டுத் தெரிந்துகொள்கிறாளே, அவள்தான். சாயங்காலமானால் உன் போன் அதிரும். எங்கே இருந்தாலும் அதில் பேசி அனுப்புவாய். யாருடி அது என்று கேட்டதற்கு, "போனுதான் அத்தை, நான் நல்லாருக்கேனான்னு கேக்குது" என்று சிரித்தாய். ஏன், நான் கேட்கவில்லையா என்று சண்டைக்கு வந்தேன். கேட்கத்தான் செய்தேன். நீ பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேனா?

நீ காய்ச்சலில் போய்விட்டதால், உன் குரலை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ள வீட்டாரின் சம்மதம் வேண்டுமாம். லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். உன் குரல் வரப்போகிறதென்று பக்கத்து வீட்டு வசந்தாவையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன். திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் என் புள்ளை தேன்மொழி எங்கும் நிற்காமல் என்னைத் தேடி ஓடிவரும் என்று அவளிடம் எவ்வளவு பீற்றியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே நீ பேசினாய்.

"காலைலேர்ந்து தமிழ் நடத்தி தொண்ட வறண்டுபோச்சு. விழுப்புரத்துல எறங்கி உக்காந்துக்கினு இருக்கேன். வளவனூர் பஸ்ஸு ஒண்ணு போயிடுச்சு, வேணும்னேதான் விட்டேன். வீட்டுக்குப் போனா அத்தை ஆரம்பிச்சிடுவாங்க. பாவம், பாசந்தான். இங்க எவ்ளோ சத்தம் இருந்தாலும் யாருக்கும் நான் பதில் சொல்ல வேணாம்."

வசந்தா குனிந்து தன் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னா இத மட்டும் அழிச்சிடறேன்மா" என்றாள் அந்தப் பெண். அழித்துவிடு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. இருந்தபோதுதான் உன்னைப் பேசவிடவில்லை, போன பிறகுமா?

"இருக்கட்டும்மா. அத்தைன்னு சொன்னதையும் எடுக்காத" என்றேன்.

இனிமேல் விளக்கு வைத்ததும் உன் எதிரில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருகிறேன். ஸ்லோகம்கூட முணுமுணுக்க மாட்டேன். நீயும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இது அம்மன்மேல் சத்தியம்.

வாயாடி என்று நீ ஒருநாளும் முகத்துக்கு நேரே சொல்லாத
உன் அத்தை

இப்போதுதான் ஞாபகம் வருகிறது: நீ லேட்டாக வந்த நாட்களில்தான் எனக்கு அவித்த மல்லாட்டை வாங்கிக்கொண்டு வருவாய். பொட்டலத்தில் கடலையின் சூடு ஆறியே இருக்காது.