உயிரோடு இருந்ததால் நின்றுபோன படம்

ஊசியும் வாயுமாக எங்களை ஆட்டிவைத்த ரஞ்சிதம் அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் படத்தைப் போட்டார்கள். நாலு வருஷமாக நீ கார்டு எழுதிக் கேட்டாயே, அதே சேனல், அதே படம். திரையின் ஓரத்தில் ஆரணி முத்தையாவின் முகம், அதன் கீழே ஒரு குத்துவிளக்கு, அதற்கும் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து. ஆமாம் அக்கா, அவர் போய்விட்டார். வியாழக்கிழமை போனார், ஞாயிற்றுக்கிழமை படம். நாலு வருஷத்தில் நடக்காதது மூன்று நாளில் நடந்துவிட்டது.

இதை உனக்கு நல்ல செய்தியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. கோபமாக இருக்கிறேன். அந்தச் சேனல்மேல் கோபம், ராஜகோபால் மாமாமேல் கோபம், ஒன்றும் கேட்காமலே போய்விட்ட உன்மேல்கூடக் கொஞ்சம் கோபம். எல்லாரையும்விட அதிகமாக யார்மேல் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உன் பிளவுஸ் கடை. தையல் மிஷினுக்கு எதிரே, துணி வெட்டும் மேஜைக்கு மேலே பலகை அடித்து ஒரு டி.வி. ஒவ்வொரு வாரமும் பேப்பரில் டி.வி. நிகழ்ச்சிகள் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும், வங்கியில் ஓய்வுபெற்ற ராஜகோபால் மாமாவும் அங்கே வந்துவிடுவோம். மாமா பட்டியலை உரக்கப் படிப்பார். நீ ஒவ்வொரு படத்துக்கும் தீர்ப்புச் சொல்வாய். அதன் பிறகு சண்டை.

மாமா கதாநாயகன் கட்சி. நீ ஆரணி முத்தையா கட்சி. அப்பா, ஊர்ப் பெரியவர், ஜெயிலர் என்று நூறு படத்தில் வந்துவிட்டு, சுவரொட்டியில் ஒரு தடவைகூட வராத மனிதர். அவர் நடித்ததிலேயே உனக்கு ஒரே ஒரு படம்தான் படம். சொந்த மகனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்லும் அப்பா வேடம். கூண்டில் ஏறி நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மகனைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

“கண்ணாடி தொடைக்கறதெல்லாம் ஒரு நடிப்பா, ரஞ்சிதம்?” என்பார் மாமா.

“உங்காளு மூணு ரீலு அயுவாரு மாமா, ஒரு சொட்டுத் தண்ணி வராது. இவரு அயுவவே இல்ல. அந்தக் கண்ணாடில இன்னா கீதுன்னு உனக்குத் தெரில. நீ பேங்குல இன்னாத்த எண்ணினியோ!”

கல்யாணத்துக்கு முன்பு வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் உடை தைக்கிற பிரிவில் நீ வேலை பார்த்தவள். அந்தப் படத்துக்கு அவர் போட்ட கோட்டு நீ தைத்தது. கை சற்றுப் பிடிக்கிறது என்று அவரே வந்து நின்று, நீ பிரித்துத் தைக்கும்வரை காத்திருந்தாராம். பல வருஷம் கழித்து வடபழனி கோயிலில் அவரைப் பார்த்தபோது அந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாய். “நான் அதை முழுசாப் பாத்ததே இல்லம்மா. ரிலீஸ் அன்னிக்கு மைசூர்ல ஷூட்டிங். திரும்பி வர்றதுக்குள்ள தியேட்டரைவிட்டு எடுத்துட்டான்” என்றாராம். கேசட் கிடையாது. இருந்த ஒரு பிரிண்டை அந்தச் சேனல் வாங்கிவைத்திருந்தது.

அவர் அதை ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும். நீ கேட்டது அவ்வளவுதான்.

சேனலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய நடிகர் யாராவது செத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படம். சாகாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. உன் கார்டுகளில் ஒன்றை நானே தபால் பெட்டியில் போட்டிருக்கிறேன். “செத்தப்புறம் போட்டா அவர் எப்படிப் பாப்பாரு? உயிரோட இருக்கறப்பவே போடுங்க” என்று இருந்தது. கீழே உன் பெயரும் கடை விலாசமும். இதைவிடத் தெளிவாக முப்பது வருஷப் பத்திரிகை வேலையில் நான் ஒரு செய்தியை எழுதியதில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மாமா பேப்பரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ரஞ்சிதம், உன் ஆள் போயிட்டாராம்மா.”

“யாரு சொன்னது?” என்றேன்.

“பேப்பர்லயே போட்டுட்டான். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு.”

“செத்துட்டாருன்னா போட்டிருக்கு?”

“படம்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானேப்பா?”

நீ கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்தாய். “வாயக் கயுவு மாமா! என் கார்டுக்குப் போட்டான்னு தோணலியா உனக்கு?” என்று கத்தினாய். ஆனாலும் கடையை அப்படியே மாமாவிடம் விட்டுவிட்டு நீயும் நானும் 12பி பஸ் பிடித்து வடபழனியில் அவர் வீட்டுக்குப் போனோம்.

அவரே கதவைத் திறந்தார். லுங்கி, பனியன், கையில் காபி டம்ளர். நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்களும் என் சாவுக்குத்தான் வந்தீங்களா? காலையில ஒரு ஆளு மாலையோட வந்தான். திருப்பி எடுத்துக்கிட்டுப் போப்பான்னா, வாங்கினதைத் திருப்பக்கூடாதுங்கறான். பிள்ளையாருக்குப் போட்டுட்டேன். உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்.”

நீ அழுதுகொண்டே சிரித்தாய். படம் வருகிற விஷயத்தைச் சொன்னாய். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “முழுசாப் போடுவானா?”

“முழுசாப் போடுவான் சார். நானே வந்து கூட குந்திக்கினு பாக்கறேன்” என்றாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை மதியம் ஆபீசிலிருந்து அந்தச் சேனலுக்கு போன் செய்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு தையல்கார அம்மாவின் கார்டுக்கு மதிப்புக் கொடுத்து ஒரு சேனல் படம் போடுகிறது என்று நாலு வரி எழுத நினைத்தேன். அதில் உன் பெயர் வரும். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பேசினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

“எத்தனை மணிக்கு சார் எடுக்கறாங்க?”

“எதை?”

“பாடியை சார். ஆரணி முத்தையா.”

“அவர் நல்லா இருக்கார். நேத்துத்தான் அவர் வீட்டுல காபி குடிச்சேன்” என்றேன்.

“அப்படியா? ரொம்பச் சந்தோஷம் சார்” என்று வைத்துவிட்டார்.

நான் சிரித்தேன் அக்கா. போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர்கள் உன் கார்டைப் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், யாரோ கிளப்பிய வதந்தியை நம்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அதனால் சொல்லவில்லை. பேப்பரில் வந்துவிட்ட படம்தானே, எப்படியும் போடுவார்கள் என்று நினைத்தேன். தப்பைத் திருத்தினால் நல்லதுதான் நடக்கும் என்று நம்பியே பிழைத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அடையாறில் ஒரு கூட்டம். சாயங்காலம் கடைக்கு வந்தால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நீ உள்ளே உட்கார்ந்திருந்தாய்.

“வேற படம் போட்டுட்டான் தம்பி. அவரு இஸ்திரி போட்ட சட்ட மாட்டிக்கினு குந்தினு கீறாரு. அக்கம்பக்கம் எல்லாம் வந்துகீது. பதினொரு மணிக்கு வேற ஆளு மூஞ்சி வருது. அவரு இன்னா சொன்னாருன்னு தெரியுமா? ‘இதுவும் நல்ல படம்தாம்மா’ன்னாரு. கடசி வரிக்கும் பாத்தாரு. எனக்குப் பூமில பூந்துக்கலாம்னு ஆயிப்போச்சு. நீ ரிப்போர்ட்டராச்சே, ஏன் மாத்துனான்னு கேட்டுச் சொல்லு.”

திங்கட்கிழமை கேட்டேன். பொறுப்பாளர் ஒளிக்கவில்லை. “அது அஞ்சலி நேரம் சார். ஒரு ஊதுபத்திக் கம்பெனி விளம்பரம் குடுத்தாங்க. ஆள் இருக்காருன்னதும் வேணாம்னுட்டாங்க. உயிரோட இருக்கறவருக்கு ஊதுபத்தி எப்படி சார் காட்டறது? நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா எங்க மானம் போயிருக்கும்.”

நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. அந்த வாக்கியத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் உன் கடைக்கு வந்தேன். நீ மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். “இன்னா சொன்னான்?”

“டேப் அறுந்துபோச்சாம்” என்றேன்.

வேலையில் ஒரு பெயரில் எழுத்து மாறிப்போனால்கூட மறுநாள் திருத்தம் போடுகிறவன் நான். உன்னிடம் அந்தப் பொய்யை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! நீ உடனே நம்பினாய். ஏன் நம்பினாய் அக்கா? ஒரு பிளவுஸில் கால் அங்குலம் மாறினால் கண்டுபிடிக்கிறவள், என் முகத்தைப் பார்த்து ஏன் கண்டுபிடிக்கவில்லை? கண்டுபிடித்துவிட்டுத்தான் சும்மா இருந்தாயா?

அதற்குப் பிறகு நீ எழுதிய கார்டுகளிலெல்லாம் ஒரே கேள்விதான். “டேப்பை ஒட்டிவிட்டீர்களா?” ஒரு தடவை, “ஒட்ட வராவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து தைத்துக் கொடுக்கிறேன்” என்றும் எழுதினாய். மாமா அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்திருக்க முடியும்?

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சில் இறங்கி, ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாவது நாள் நான் வந்தபோது பேச்சு ரொம்பத் தாழ்ந்திருந்தது. காதைக் கொண்டுவரச் சொன்னாய். “டேப்ப ஒட்டிட்டானாமா?” என்றாய்.

“ஒட்டிக்கிட்டு இருக்காங்கக்கா” என்றேன்.

அதுதான் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது.

போன வாரம் வியாழக்கிழமை ஆரணி முத்தையா போனதும் ஆபீசுக்கு போன் வந்தது. அதே பொறுப்பாளர், அதே மரியாதையான குரல். “சார், இந்தத் தடவை கன்ஃபர்ம்தானே?” என்றார். நான் ‘ஆமாம்’ என்றேன். நீ இருந்திருந்தால் அந்த போனைப் பிடுங்கி என்னவெல்லாம் கேட்டிருப்பாய்!

படத்தை மாமாவின் வீட்டில் பார்த்தேன். கோர்ட் காட்சி வந்தது. கூண்டில் ஏறினார். கண்ணாடியைக் கழற்றினார். ஊதுபத்தி வந்தது. பிறகு சோப்பு, பிறகு பிரஷர் குக்கர். திரும்பி வந்தபோது மகனை விலங்கு மாட்டி அழைத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். அவர் துடைத்ததும் இல்லை, மாட்டியதும் இல்லை, சாட்சி சொன்னதும் இல்லை. அவர் செத்ததற்காகப் போட்ட படத்தில் அவரையே காணோம்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன மனுஷன்டா! இப்படி ஒருத்தர் இனிமே வருவாரோ?” என்றார்.

“இருந்தப்போ சொல்றதுக்கு என்ன மாமா?” என்று கத்திவிட்டேன். எண்பதை நெருங்குகிற மனிதரிடம் கத்தியிருக்கக் கூடாது. அவர் டி.வி.யை அணைத்துவிட்டு, “ரஞ்சிதம் இருந்தவரைக்கும் ஒத்துக்க முடியலை” என்றார்.

இந்த வாரச் செய்தி ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை அந்தப் பொறுப்பாளர் மறுபடியும் போன் செய்தார். “சார், லோகாம்பாள் அம்மா போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?” தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் குடியிருக்கிறாரே, படமெல்லாம் அண்ணி வேடம் போட்ட அம்மா, அவர்தான். நான் விசாரிக்கக் கிளம்புவதற்குள் சாயங்காலமே டி.வி.யில் குத்துவிளக்கு வந்துவிட்டது. அவர் நடித்த ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி.

நான் போனபோது லோகாம்பாள் அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நான் சேனலுக்கு போன் செய்தால் என்ன நடக்கும் என்பதையும், உன் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கீரைத்தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்தப் படத்தை நான் பாத்து இருபத்தஞ்சு வருஷம் ஆகுதுப்பா. நீ பேசாம இரு. ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் செத்துக்கறேன், என்ன இப்போ?”

இன்று சனிக்கிழமை. பொறுப்பாளர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ‘விசாரிச்சிக்கிட்டிருக்கேன்’ என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் திங்கட்கிழமைதான் அச்சாகும். ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன். நாளை பதினொரு மணிக்கு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். படம் முடிந்து திரையில் ‘வணக்கம்’ என்று விழும்வரை உண்மை என் வாயிலிருந்து வராது. விழுந்த அடுத்த நிமிஷம் அந்த அம்மாவே அவர்களைக் கூப்பிட்டுத் தன் குரலில் நன்றி சொல்லப் போகிறார்.

அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னும் சில பழைய நடிகர்கள் இருக்கிறார்கள் அக்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்காமல் நான் ஓயமாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. இதில் டேப் அறுந்துபோகாது.

உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்ன,
அதைத் திருத்த நேரம் கிடைக்காத,
உன் தம்பி
கஜேந்திரன்