கரண்டிவாயன் அசையாமல் நின்றதாமே!

பறவைகளைத் தவிர வேறெதையும் எண்ணத் தெரியாத என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். என் இடுப்புச் சுற்றளவும் நலமாக வளர்கிறது.

ஆபீசுக்காகப் பறவை எண்ணும் சதுப்பு நிலத்தில் போன் எடுக்காது என்று மூன்று மாதமாகச் சொல்கிறீர்கள். மாடிவீட்டுத் தையல்காரி நம்பவில்லை. "சகதியில எவன் அக்கா மூணு மாசம் குடியிருப்பான்? கரையில எவளாவது சோறு போடுறாளோ என்னமோ" என்றாள். நான் சிரித்து வைத்தேன். அவள் போனதும், ஜீப் டிரைவரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய அழுக்கு மூட்டையை மோப்பம் பிடித்தேன். வெறும் சேற்று நாற்றம். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகு உங்கள் கடிதத்தைத் துருவினேன். பன்னிரண்டு கரண்டிவாயன்கள் அசையாமல் நின்று, தண்ணீரை உற்றுப் பார்த்து, மீனைச் சட்டென்று குத்தினவாம். சாப்பாடு ஆறும்வரை இருபது வருடம் எனக்குப் பாடம் எடுத்தவரா இதை எழுதியது? கரண்டிவாயன் நிற்காது, ஆழமில்லாத தண்ணீரில் நடந்துகொண்டே, லேசாகத் திறந்த அலகை இடமும் வலமும் வீசித் துழாவும், இரை பட்டதும் கப்பென்று மூடும். இதை அகப்பையால் செய்து காட்டி மேஜை விரிப்பைப் பாழாக்கினீர்களே! நின்று குத்துவது கொக்கு. இரண்டும் வெள்ளைதான். ஆனால் அலகைப் பார்த்தால் பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும்.

அப்படியானால் நீங்கள் அலகைப் பார்க்கவில்லை. ஏன்?

பழைய கடிதங்களை வரிசையாகப் பரப்பினேன். எழுத்து மாதாமாதம் பெரிதாகிறது. கடைசிக் கடிதத்தில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. டிரைவரை மடக்கினேன். "ஐயா பைனாகுலரைத் துடைச்சிக்கிட்டே இருக்காரும்மா. கண்ணாடி மங்கிடுச்சுன்னு திட்டுறாரு. நான் பாத்தா பளிச்சுனு தெரியுது" என்றான்.

எவளோ ஒருத்தியாக இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

ஆபீசுக்குத் தெரிந்தால் சதுப்பு நிலத்தை விட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றுதானே மறைக்கிறீர்கள்? மாதக் கடைசி அறிக்கையை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். வியாழக்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதுங்கள். என்ன வியாதி என்று கேட்டால், சந்தேகம் என்று சொல்லுங்கள்; யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஜீப்பில் ஏறும்போது டிரைவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கௌரவம் குறைந்துவிடாது.

இந்தக் கடிதத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது, வீட்டில் காகிதம் நிறையக் கிடந்ததால்தான். வேறொன்றும் இல்லை.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்,
வீட்டு உளவாளி