சரிபாதியாக வெட்டிய எம்பிராய்டரி

வெள்ளிக்கிழமை, இரவு.

நாளைக்கு அக்கா மகள் ரேவதி கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை திறக்கிறாள். பெயர்ப்பலகையில் ‘எம்பிராய்டரி’ என்ற இங்கிலீசுச் சொல் ஒரு வரியில் அடங்கவில்லை. எங்கே உடைப்பது என்று பெயின்டர் என்னைத்தான் கேட்டார். கண்டியில் இங்கிலீசுக்கு என்னை விட்டால் யார்? புடவைக்கடையில் ஆயுள் முழுக்கத் துணி கிழித்த கை இது. டேப் வைத்து அளந்து, மேலே ஐந்து எழுத்து (EMBRO), கீழே ஐந்து எழுத்து (IDERY) என்று சோக்கால் கோடு போட்டேன்.

ரேவதி தலையில் கை வைத்தாள். “மாமா, இது என்ன அளந்து பாதியா கிழிக்கிற சீத்தைத் துணியா? நாளைக்கு வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க. நாடிக்குக் கீழ, தாடைக்கு அடியில, கைய வச்சு மெதுவா சொல்லிப் பாருங்க. நாடி கையில படுற ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு. ரெண்டு துண்டுக்கு நடுவுலதான் உடைக்கணும்.”

ரோட்டோரம் நின்று சொன்னேன்: எம்-ப்ராய்-ட-ரி. ‘ப்ராய்’ துண்டைத்தான் நான் நடுவில் வெட்டியிருந்தேன். மடவளை பஸ் முழுக்க என்னையே பார்த்தது; என் உச்சரிப்பு அப்படி. பெயின்டர் கீழ் வரியிலிருந்து ‘I’ என்ற ஓர் எழுத்தை மட்டும் மேலே ஏற்றினார்.

“பாத்தியா, பத்துல ஒன்பது எழுத்த நான்தான் சரியா வச்சேன்.”

“ஆமா மாமா, நாளைக்கு ரிப்பனையும் நீங்களே வெட்டுங்க. அத சரிபாதியா வெட்டலாம்.”

கத்தரிக்கோலைத் தலைமாட்டில் வைத்துவிட்டேன். டேப்பையும்தான்.